முதுகுப் பிடியும் வீடியோப் பாடமும்

ஒரு நூல் வெளிவந்தால் அதன் நிறைகுறைகளை எடுத்துச் சொல்லத் திறனாய்வாளர் பலர் முன்வருகின்றனர். வீடியோப் பாடம் ஒன்று வெளிவந்தால், அதைப் பாடம் என்ற முறையில் எடைபோட்டுச் சொல்வோர் மிகச் சிலரே. வாங்குவோர் பெரும்பாலும் ஆசிரியரின் வெற்றியையும் புகழையும் நோக்கியே வாங்குகின்றனர். அவர் வல்லவரா என்பது ஒரு கேள்வி. அவர் அமைத்த பாடம் மாணவனை வல்லவனாக்குமா என்பது வேறொரு கேள்வி. இவ்விரண்டும் ஒன்றே என மயங்குவதால் விளையும் கேடு, உடம்பால் கற்க வேண்டிய கலைகளில் மிகுதியாக வெளிப்படுகிறது. பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்னும் மற்போர்க் கலை அதற்குத் தக்க எடுத்துக்காட்டு.

இக்கலையின் வேர் ஜப்பானில் உள்ளது. 1882ல் ஜிகோரோ கானோ நிறுவிய கோடோகான் பள்ளியின் வழிவந்த மிட்சுயோ மாயேடா, 1914ல் பிரேசில் சென்று, பின்னர் அந்நாட்டின் வடபகுதி நகரான பெலெமில் தங்கினார். அங்கே அவரிடம் பயின்ற கார்லோஸ் கிரேசியும், அவர் தம்பி எலியோவும், அவர்தம் குடும்பத்தாரும் தரையில் கிடந்து போரிடும் பகுதியைத் தனிக் கலையாகவே வளர்த்தனர். 1993 நவம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் யு.எப்.சி. போட்டியில் எலியோவின் மகன் ராய்ஸ் ஒரே இரவில் மூவரை வென்றார். இறுதியில் எதிர்த்த ஜெரார்ட் கோர்டோவை அவர் பணிய வைத்தது முதுகுப்புறமிருந்து கழுத்தை நெரித்துத்தான். அதன்பின் இக்கலையைக் கற்க விழைந்தோர் பல நாடுகளிலும் பெருகினர். ஆசிரியர்களோ அதே விரைவில் பெருகவில்லை. அந்த இடைவெளியில் புகுந்தவை முதலில் வீடியோ நாடாக்கள், பின்னர் வட்டுகள், இன்று இணையப் படங்கள்.

முதுகுப் பிடி என்பது யாது? எதிராளியின் முதுகோடு தன் மார்பை ஒட்டவைத்து, ஒரு கையை அவன் தோளுக்கு மேலாகவும் மறு கையை அவன் அக்குளுக்குக் கீழாகவும் செலுத்தி, இரு கைகளையும் அவன் மார்பின்மேல் கோத்துக்கொள்வது. காரில் அணியும் வாரைப் போல் குறுக்காக அமைவதால் அதற்கு சீட் பெல்ட் பிடி என்று பெயர். கால்கள் இரண்டும் அவன் தொடைகளின் உட்புறத்தில் கொக்கிபோல் மாட்டப்படும். இந்நிலையில் இருப்பவனுக்கு எதிராளியின் கழுத்து எட்டும். எதிராளிக்கோ இவன் முகமும் தெரியாது, கையும் எட்டாது. பன்னாட்டுப் பிரேசிலிய ஜியு-ஜிட்சுக் கூட்டமைப்பின் விதிப்படி, இருகாற் கொக்கிகளோடு இப்பிடியை மூன்று நொடி நிலைநிறுத்தியவனுக்கு 4 புள்ளிகள் உண்டு. மார்பின்மேல் ஏறி அமரும் நிலைக்கும் அதே 4 புள்ளிகள்தாம். இவற்றுக்கு மேற்பட்ட புள்ளி எந்த நிலைக்கும் இல்லை.

இனி, இப்பிடியைத் திரையில் காணும் மாணவன் எதைக் காண்கிறான் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கைகள் எங்கே, கால்கள் எங்கே என்பதைக் காண்கிறான். ஆனால் இப்பிடியின் உயிர் கைகால்களின் இடத்தில் மட்டும் இல்லை. மார்புக்கும் முதுகுக்கும் இடையே எவ்வளவு அழுத்தம் இருக்கிறது, எதிராளி தோளைத் தரையில் சரிக்க முயலும் முதற் கணத்தில் அதை உடம்பு உணர்கிறதா, அவன் மூச்சு வாங்கும்போது பிடி தளர்கிறதா, இறுகுகிறதா என்பவையே அதன் உயிர். இவற்றுள் ஒன்றேனும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. தோளுக்கு மேற்சென்ற கையின் பக்கமாகச் சாய்ந்து விழுவது நல்லது. அக்குளுக்குக் கீழ்ச்சென்ற கையின் பக்கமாகச் சாய்ந்தால் எதிராளி நழுவுதல் எளிது. இதையும் படம் சொல்லிவிடும். ஆனால் விருப்பமில்லாதவனை அப்பக்கம் சாய வைப்பது எப்படி என்பதை எதிர்ப்பவன் ஒருவன்தான் கற்பிக்க முடியும்.

தமிழ்ப் புலவர் ஒருவர் இத்தகைய காட்சியைச் சொல்லால் வரைந்ததுண்டு. புறநானூற்றின் 80ஆம் பாட்டில் சாத்தந்தையார், போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைப் பாடும்போது, அவன் ஒரு கால் மல்லனின் மார்பிலும் மற்றொரு கால் அவன் தப்பும் வழியை அடைத்துப் பின்புறத்திலும் நின்றதைக் காட்டுகிறார். படிப்பவர் கண்முன் போர் நிகழ்கிறது. ஆயினும் அப்பாட்டைப் படித்து எவரும் மல்லராவதில்லை. ஆக வேண்டும் என்று புலவர் கருதவும் இல்லை. காட்டுவதே பாட்டின் வேலை; அது நிறைவேறிவிட்டது. பாடத்தின் வேலையோ செய்விப்பது. வீடியோப் பாடங்களிற் பல, காட்டியதோடு தம் கடன் முடிந்ததெனக் கருதி நின்றுவிடுகின்றன. அவற்றின் முதற் குறை இதுவே.

ஆகவே இத்தகைய பாடத்தை ஆராய்வதற்கு வகுப்பறையில் பழகிய அளவுகோல்களே போதும். பாடம் எளியதிலிருந்து அரியதற்குச் செல்கிறதா? செயலுக்குக் காரணம் சொல்கிறதா? மாணவன் செய்யக்கூடிய பிழையை முன்னரே எடுத்துக் காட்டுகிறதா? உடன் பயில்பவனுக்கு என்ன வேலை தருகிறது? கற்றதைச் சோதித்துக்கொள்ள வழி காட்டுகிறதா? இவ்வைந்தையும் கொண்டு புகழ்பெற்ற இரு படைப்புகளை நோக்கலாம்.

முதலாவது, ஜான் டானகர் 2018ல் வெளியிட்ட முதுகுத் தாக்குதல் பற்றிய தொடர். நியூசிலாந்தில் வளர்ந்து, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று, அந்நகரில் ரென்சோ கிரேசியின் பள்ளியில் நெடுங்காலம் கற்பித்தவர் அவர். 2017, 2019, 2022 ஆகிய ஆண்டுகளின் ஏ.டி.சி.சி. போட்டிகளில் வாகை சூடிய கார்டன் ரயன் அவருடைய மாணவர். பல மணி நேரம் ஓடும் அத்தொடரின் சிறப்பு, காரணம் கூறும் திறம். கழுத்தை நெரிக்க முயல்பவனுக்கு இரு கைகள். காத்துக்கொள்பவனுக்கும் இரு கைகள். இக்கணக்கு சமமாக இருக்கும்வரை வெற்றி உறுதியில்லை. எதிராளியின் ஒரு கையைத் தன் காலால் கட்டிவிட்டால் அவனிடம் மிஞ்சுவது ஒரு கை; தாக்குபவனிடமோ இரண்டும் இருக்கும். பித்தரின் கைகளைக் கட்டப் பயன்பட்ட அங்கியின் பெயரை இம்முறைக்கு அவர் சூட்டியிருப்பது பொருத்தமே. கேட்ட மாணவன் இதை மறவான். மனப்பாடம் செய்த பத்து அசைவுகளைவிட விளங்கிக்கொண்ட ஒரு கணக்கு மேலானது.

எனினும் அத்தொடருக்கும் குறை உண்டு. விளக்கம் பெருகிய அளவுக்குப் பயிற்சி பெருகவில்லை. உடன் இருப்பவர் பெரும்பாலும் இசைந்து கொடுக்கும் உடம்பாகவே இருக்கிறார். சொல்லப்படும் உண்மை அனைத்தும் மாணவனின் அறிவில் ஏறுகிறது. கைக்கு இறங்குவதற்கான படிகளை அவனே கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பல ஆண்டு பயின்றவனுக்கு இது குறையன்று. அவனுக்கு வேண்டியது ஒழுங்குபடுத்தும் சிந்தனையே. புதியவனுக்கோ, இலக்கணம் முழுவதும் கேட்டும் ஒரு வாக்கியம் எழுத வராத நிலைதான் எஞ்சும்.

இரண்டாவது, எலியோவின் பேரர்களான ரைரன், ரெனர் ஆகியோர் அமைத்த கிரேசி காம்பேட்டிவ்ஸ் என்னும் தொடக்கப் பாடத்திட்டம். 36 உத்திகளே அதில் உள்ளன. முதுகை அடைவதும், பின்னிருந்து கழுத்தை நெரிப்பதும் அவற்றுள் அடங்கும். கருத்தின் ஆழத்தில் இதை டானகரின் தொடரோடு ஒப்பிட முடியாது. ஆனால் ஆசிரியத் தொழில் தெரிந்தவர்களின் கை இதில் தெரிகிறது. பாடம் சிறு துண்டுகளாக வெட்டப்பட்டுள்ளது. எதிராளியாக நடிப்பவன் எப்போது தள்ள வேண்டும், எப்போது எழ முயல வேண்டும், எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதும் கற்பிக்கப்படுகிறது. உடன் பயில்பவனையும் மாணவனாகக் கருதிய இந்த ஒன்றே அப்பாடத்தை ஏனைய பலவற்றிலிருந்து பிரித்து உயர்த்துகிறது. அதன் குறை, அளந்து கொடுக்கப்படும் எதிர்ப்பு அளந்த எதிர்ப்பாகவே நின்றுவிடுவது. இன்ன நேரத்தில் இப்படித் தள்ளுவான் என்று முன்னரே தெரிந்தவனிடம் பெற்ற வெற்றி, தெரியாதவனிடம் செல்லுபடியாவதில்லை.

இங்கேதான் ஒரு பெரும் பூசல் எழுந்தது. அந்நிறுவனம், வீட்டில் பயின்றவர் தம் செயலைப் படம்பிடித்து அனுப்பினால் அதைப் பார்த்து நீலக் கச்சை வழங்க முன்வந்தது. வெள்ளைக்கு அடுத்த படியான அக்கச்சை, பிற பள்ளிகளில் எதிர்ப்பவரோடு நெடுநாள் உருண்டு புரண்டு பெறுவது. அசைவைச் சரியாகச் செய்து காட்டுவதும், மறுப்பவன்மீது அதை நிகழ்த்துவதும் ஒன்றாகுமா என்று பலர் கேட்டனர். நிறுவனமும் பின்னர்த் தன் முறையை மாற்றிக்கொண்டது. ஒப்பிக்கத் தெரிந்தவனுக்குத் தேர்ச்சி கொடுக்கலாமா என்பது எல்லாப் பள்ளிகளிலும் எழும் கேள்வி. ஆனால் பள்ளியில் தவறான தேர்ச்சியின் விளைவு வெளிப்பட ஆண்டுகள் ஆகலாம். மற்போரிலோ முதல் நாளிலேயே வெளிப்பட்டுவிடும்.

இக்குறைகளைக் கண்டு எதிர்த் திசையில் வெகுதூரம் சென்றவர்களும் உளர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கற்பிக்கும் கிரெக் சவுடர்ஸ், உத்திகளைச் செய்து காட்டுவதையே பெரிதும் தவிர்த்துவிட்டார். முதுகோடு ஒட்டியிருப்பது ஒருவன் வேலை, தரையில் முதுகைப் பதிப்பது மற்றவன் வேலை என்பது போன்ற விளையாட்டுகளை அமைத்து, வழியை மாணவரே கண்டுபிடிக்க விடும் முறையை அவர் கையாளுகிறார். இவ்வகைக் கொள்கையின் பின்னணியில் நிற்பவர் சோவியத் உடலியல் அறிஞர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் (1896–1966). மாஸ்கோவில் 1920களில் அவர் சுத்தியல் அடிக்கும் தொழிலாளரின் அசைவுகளைப் படமெடுத்து ஆராய்ந்தார். சுத்தியலின் முனை தவறாமல் குறியில் விழுந்தது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவற்றின் போக்கோ ஒவ்வோர் அடியிலும் சிறிது வேறுபட்டது. கைதேர்ந்தவன் ஒரே அசைவைத் திரும்பச் செய்பவன் அல்லன்; ஒரே பயனை வெவ்வேறு அசைவுகளால் அடைபவன். இவ்வுண்மையை ஏற்றால் வீடியோப் பாடத்தின் அடிப்படைக் குறை விளங்கும். திரை காட்டுவது ஓர் அடியின் போக்கை. கற்க வேண்டியதோ குறி தவறாமையை.

ஆயினும், படமே வேண்டாம் என்பது மிகையாகும். முன்னோர் பல்லாண்டு முயன்று கண்டதை ஒவ்வொரு மாணவனும் மீண்டும் தானே காண வேண்டும் என்பது காலத்தை வீணாக்குவது. காலைத் தன் முன்னே பின்னிக்கொள்ளக் கூடாது. பின்னினால் எதிராளி தன் காலை அதன்மேல் போட்டுக் கணுக்காலை முறுக்கிவிடுவான் என்பதைக் கணுக்கால் வலித்த பின்தான் அறிய வேண்டுமா? அருகில் பள்ளி இல்லாத ஊரில் இருப்பவனுக்கும், 2020ல் நோய்த்தொற்றுக் காரணமாகப் பயிற்சிக்கூடங்கள் மூடப்பட்டபோது தவித்தவனுக்கும் அப்படங்களே துணையாயின. நூலகத்தை இகழ்வது எப்படித் தவறோ அப்படியே இதுவும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடலாகாது. முதுகுப் பிடியின் முடிவு கழுத்து நெரிப்பு. கழுத்தின் இரு பக்கக் குருதிக் குழாய்கள் அழுந்தினால் சில நொடிகளில் நினைவு தப்பும். கையால் தட்டி ஒப்புக்கொண்டவனை உடனே விட வேண்டும்; தட்டாமலே தளர்ந்துவிட்டவனையும் அறிந்து விட வேண்டும். கூடத்தில் இதைக் கண்காணிக்க ஒருவர் இருக்கிறார். வீட்டுக் கூடத்தில் திரையைப் பார்த்துப் பயிலும் இரு இளைஞருக்கு அந்தக் கண் இல்லை. நெரிப்பைக் கற்பிக்கும் பாடம் விடுவிப்பை முதலில் கற்பிக்காவிடில், ஏனைய சிறப்புகள் எத்தனை இருப்பினும் அதைப் பாடம் என்று கூறுதல் தகாது.

ஆக, இவ்வகைப் படங்களைக் கொள்வோருக்கு ஒரு வழி சொல்லலாம். ஒரே அமர்வில் பத்து உத்திகளைப் பார்ப்பதை விட்டு, ஒன்றைப் பார்த்து நிறுத்த வேண்டும். பார்த்தது எந்தக் கேள்விக்கு விடை என்பதைத் தன் சொல்லில் கூற முயல வேண்டும். பின்னர்த் துணைவனிடம், முதலில் சிறிதும், அடுத்து மிகுதியும், இறுதியில் விரும்பியவாறும் எதிர்க்கச் சொல்லிச் சோதிக்க வேண்டும். பிடி எங்கே நழுவியது என்று குறித்துக்கொண்டு படத்துக்குத் திரும்ப வேண்டும். முதன்முறை கண்ணில் படாத பல அப்போது படும். கேள்வியோடு வருபவனுக்கே திரை விடை சொல்லும்.

டானகரின் தொடர் ஒரு நல்ல உரைநூல். கிரேசி சகோதரரின் திட்டம் ஒரு நல்ல அரிச்சுவடி. உரைநூலை அரிச்சுவடியாகக் கொள்வதும், அரிச்சுவடியைத் தேர்ச்சிப் பத்திரமாகக் கொள்வதும் கொள்வோரின் பிழை. அவ்வாறு கொள்ளத் தூண்டி விற்பது விற்போரின் பிழை. ஆசிரியரின் இடம் எதுவென்பதும் இதிலிருந்து விளங்கும். காட்டும் வேலையில் திரை அவரை வென்றுவிட்டது. எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் அது காட்டும். ஆனால் மாணவனின் பிடி நழுவும் கணத்தில் அதைக் கண்டு, நழுவிய இடம் இதுவெனத் தொட்டுக் காட்டுவதற்குத் திரைக்குக் கையில்லை. அவ்வேலை இன்னும் ஆசிரியருடையதே.