நாடிக்குக் கீழே ஒரு வெளிச்சம்

புத்தளம் முதல் கற்பிட்டி வரை, பென்சிலால் முகம் வரையும் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். கைத்தொலைபேசிப் படத்தில் கட்டம் போட்டு, தாளிலும் அதே கட்டத்தைக் கீறி, ஒவ்வொன்றாக நிரப்புவது. இதை இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கண்ணுக்கும் மூக்குக்குமான தூரம் பிசகாது. இறந்துபோனவருக்கு அடையாள அட்டைப் படம் மட்டுமே மிச்சமென்றால் வேறு வழியும் கிடையாது.

சிக்கல் வெளிச்சத்தில் இருக்கிறது. பிளாஷ் அடித்த படத்தில் ஒளி முகத்துக்கு நேரே வந்து மோதுவதால் கன்னத்தின் வளைவைக் காட்டும் நிழல் அங்கேயே செத்துவிடுகிறது. எவ்வளவு நுணுக்கமாகப் பிரதி எடுத்தாலும் தட்டையான முகம்தான் கிடைக்கும். அதை மறைக்கப் பஞ்சாலும் விரலாலும் தேய்க்கிறார்கள். தோல் வழுவழுப்பாகிறது, எலும்பு காணாமல் போகிறது.

உடப்புக் கரையில் வலை இழுத்து முடித்து, கிடுகு வாடியின் வாசலில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். கூரை நிழலில் நெற்றி இருண்டிருக்கும். மணலில் பட்ட வெயிலோ கீழிருந்து எழும்பி நாடிக்கு அடியிலும் மூக்கின் அடி விளிம்பிலும் படியும். மேலே வெளிச்சம், கீழே நிழல் என்று மனப்பாடம் செய்த கைக்கு இது தலைகீழ். 2பி பென்சிலின் சாய்கோடுகளை வளைவின் போக்கிலேயே ஓட்டினால் அந்த நாடி உருண்டு நிற்கும்.

பாலாவி உப்பளத்து நண்பகலில் நிலைமை வேறு. நாலாபுறமும் ஒளி, நிழலே மெலிந்துவிடும். அங்கே கோட்டை நம்புவதுதான் புத்தி. 1815க்குப் பிறகு உரோமில் பயணிகளைப் பென்சிலால் வரைந்து பிழைத்த பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர், முகத்துக்கு மட்டும் மெல்லிய சாயை கொடுத்து, உடுப்பை வெறும் கோடுகளில் விட்டார். தாள் முழுவதையும் கறுப்பாக்கினால்தான் ‘வேலை’ என்று நினைப்பவர்கள் அந்தப் படங்களைப் பார்க்க வேண்டும்.

நேரில் வரைவதிலும் வில்லங்கம் உண்டு. அரை மணிக்குள் வெயில் நகர்ந்துவிடும், இருப்பவரும் அசைவார். சாயல் தவறும் வாய்ப்பு அதிகம். பென்சிலின் காரீயத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. பக்கத்துக் குருநாகல் மாவட்டத்தின் கஹட்டகஹச் சுரங்கத்தில் நல்ல காரீயம் கிடைக்கிறது என்று பெருமைப்படலாம். ஆனால் எந்தக் காரீயமானாலும், 6பியை அழுத்தி உரசினால் கறுப்புக்குப் பதிலாக வெள்ளிப் பளபளப்புத்தான் வரும்.

ஆனாலும் முகம் வெளிறிப்போவதற்குப் பென்சில் காரணமில்லை. “கொஞ்சம் வெள்ளையா வரைஞ்சு தாங்க” என்று கேட்கிறார்கள், வரைகிறவரும் இணங்குகிறார். வெயிலில் கறுத்த நெற்றியில் வியர்வை மினுங்கும் இடமே எலும்பு எங்கே திரும்புகிறது என்று காட்டும். சுற்றியுள்ள நடுச்சாயை அடர்ந்திருந்தால்தான் அந்த மினுக்கம் எடுபடும். சாயையை அழிறப்பரால் துடைத்தவுடன் நிறம் வெளுக்கிறது, கன்ன எலும்பும் கூடவே போய்விடுகிறது.