கிழக்கின் வெனிசும் சுடலைமுத்துவின் வாளியும்

சென்ற ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில் ஆசிரிய நண்பர் ஐவருடன் கேரளத்துக்குப் போயிருந்தேன். ஆலப்புழையில் இறங்கியதும் எமது கைக்கு வந்த வழிகாட்டிப் பிரசுரம் அந்நகரைக் ‘கிழக்கின் வெனிஸ்’ என்று அறிமுகஞ் செய்தது. படகுத்துறையில் நின்ற தரகரும் அதனையே சொன்னார். கர்சன் பிரபு இட்ட பெயர் என்று கூறுவர். பெயரை யார் இட்டாலென்ன, அப்பெயருக்குரிய கடமைகளை நாம் வழுவாது செய்தோம். புன்னமடை ஏரியில் ஒரு பகல் முழுவதும் மிதந்தோம். 1862இல் எழுந்த கலங்கரை விளக்கத்தில் ஏறி இறங்கினோம். கடற்கரையில், துருவேறிய கடற்பாலத்தின் தூண்களுக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டோம். கோப்பாய்க்குத் திரும்பிச் சில கிழமைகளின் பின், புத்தக அலுமாரியைத் தூசி தட்டும்போது தகழி சிவசங்கரப் பிள்ளையின் ‘தோட்டியின் மகன்’ கையில் அகப்பட்டது. அந்நாவலின் களம் இதே ஆலப்புழை. பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற காலத்தில் அதனைப் படித்தவன் நான். யதார்த்தவாதத்துக்கு உதாரணமாக மாணவருக்கு அதன் பெயரைச் சொல்லி வருபவன். ஆயினும் அந்நகரில் தங்கிய இரண்டு நாட்களில் ஒரு கணமேனும் அந்நூல் என் நினைவுக்கு வரவில்லை. இதனை வெறும் மறதி என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

முதலில் அசல் வெனிசைப் பற்றிச் சிறிது. நம்மவருட் பலருக்கு அந்நகரம் ஷைலக்கின் ஊராகவே அறிமுகமாயிற்று. பம்மல் சம்பந்த முதலியார் ஷேக்ஸ்பியரின் நாடகத்தை ‘வாணீபுர வணிகன்’ எனத் தமிழ் மேடைக்குத் தழுவித் தந்தார். இன்று அங்கு செல்லும் உல்லாசப் பயணி சான் மார்க்கோ சதுக்கத்தையும் ரியால்ட்டோ பாலத்தையும் கண்டு, கொண்டோலாவில் ஏறி இறங்கிவிட்டு மாலையில் திரும்பிவிடுகிறான். யூதரை ஒரு மூலையில் ஒதுக்கி, இரவில் வாயிற் கதவுகளை அடைத்துவைத்த குடியிருப்பும் அந்நகரிலேதான் 1516இல் அமைந்தது. ‘கெட்டோ’ என்ற சொல்லையே உலகம் அங்கிருந்து பெற்றது. அதுவும் இப்பொழுது பார்க்கவேண்டிய இடங்களில் ஒன்று. 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த தீவு நகரத்தில் 2022இல் 50,000க்கும் குறைந்தவர்களே எஞ்சினர். வீடுகள் விடுதிகளாக மாற, உழைத்துண்பவன் எதிர்ப்புறத்துப் பெருநிலத்துக்குக் குடிபெயர்கிறான். 2024இல், குறித்த சில நாட்களில் ஒரு பகற்பொழுதுக்கு வந்து போவோரிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் அறவிடத் தொடங்கினர். நகரத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு!

அந்த வெனிசின் பெயரைத் தாங்கிய ஆலப்புழையின் கால்வாய்களை எவரும் அழகுக்காக வெட்டவில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருவிதாங்கூர் அரசு தனக்கென ஒரு துறைமுகத்தை இங்கே வளர்த்தது. வேம்பநாட்டு ஏரிப் பக்கமிருந்து கடற்கரையை நோக்கி இரு கால்வாய்கள் வெட்டப்பட்டன; அவ்வேலையை முன்னின்று நடத்தியவர் ராஜா கேசவதாஸ். உள்நாட்டு மிளகும் கொப்பரையும் கயிறும் அவ்வழியாகத் தோணியில் வந்து கப்பலேறின. நாம் பணங் கொடுத்து ஏறிய சொகுசுப் படகின் முன்னோரான கெட்டுவள்ளம், இரும்பாணியின்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய சரக்குத் தோணி. குட்டநாட்டில், கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்களில், புலையர் இடுப்பளவு சேற்றில் நின்று விளைவித்த நெல்லை அது சுமந்தது. அதற்குக் கட்டிலும் குளியலறையும் 1990களிலேதான் வந்தன.

யாழ்ப்பாணத்தவனுக்கு அந்தக் கரை அந்நியமானதன்று. கோப்பாய், நீர்வேலிப் பக்கத்துச் செம்மண் தோட்டங்களுக்குப் புகையிலை பழகிய பயிர். யாழ்ப்பாணப் புகையிலையில் ஒரு வகைக்கு ‘மலையாளப் புகையிலை’ என்றே பெயர். திருவிதாங்கூர்ச் சந்தைக்கென்றே அது பதப்படுத்தப்பட்டு, சிப்பங் கட்டி அனுப்பப்பட்டது; அதன் விற்பனைக்கென ஒரு கூட்டுறவுச் சங்கமும் 1930களில் இங்கு நிறுவப்பட்டது. எம் பாட்டன்மாருக்குத் திருவிதாங்கூர் என்பது ஒரு விலை. அது ஏறினால் வீட்டில் கலியாணம் நடந்தது, இறங்கினால் காணி ஈட்டுக்குப் போயிற்று. பேரன்மார் நாம் அதே கரைக்குப் போய்த் தண்ணீரின் நிறத்தை வியந்துவிட்டு வந்திருக்கிறோம்.

துறைமுகத்தை அடுத்துத் தொழிற்சாலை வந்தது. 1859இல் ஜேம்ஸ் டாரா என்பவர் அங்கே கயிற்றுப் பாய் நெசவுத் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1922இல் வாடப்புறம் பாவாவின் முயற்சியால் தொழிலாளர் சங்கம் அமைந்தது; 1938இல் பொது வேலைநிறுத்தம் நடந்தது. 1946 ஒக்டோபரில், திவான் சி. பி. ராமசாமி ஐயரின் ஆட்சிக்கெதிராகப் புன்னப்புறையிலும் வயலாரிலும் எழுந்த கயிற்றுத் தொழிலாளரும் மீனவரும் விவசாயக் கூலிகளும் துப்பாக்கிக்குப் பலியாயினர். இறந்தோர் தொகையைச் சிலர் நூற்றுக்கணக்கிலும் சிலர் அதற்கு மேலும் கூறுவர். அவர்களின் நினைவிடம் ஆலப்புழை நகரிலேயே, வலிய சுடுகாட்டில், இருக்கிறது. எம் கையிலிருந்த பிரசுரத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை. படகுப்போட்டிக்கு இரண்டு பக்கங்கள் இருந்தன.

அந்த எழுச்சிக்கு அடுத்த ஆண்டு, 1947இல், ‘தோட்டியின் மகன்’ மலையாளத்தில் வெளிவந்தது. அம்பலப்புழையில் வக்கீலாக இருந்த தகழிக்கு ஆலப்புழை அண்டை நகரம். சுந்தர ராமசாமி தம் இளமையில் அதனைத் தமிழாக்கினார். 1950களின் ‘சரஸ்வதி’ இதழில் அது தொடராக வந்தது. நூலுருப் பெற 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. நம் பதிப்பகங்களின் மூக்கு அவ்வளவு நுட்பமானது போலும்.

நாவல் மூன்று தலைமுறைத் தோட்டிகளின் கதை. இசக்கிமுத்து தன் மண்வெட்டியையும் வாளியையும் மகன் சுடலைமுத்துவிடம் கொடுக்கிறான்; சுடலைமுத்து அவற்றைத் தன் மகன் மோகனனுக்குக் கொடுக்கக் கூடாதென்று வாழ்நாள் முழுவதும் பாடுபடுகிறான். இசக்கியும் சுடலையும் தென்பாண்டி நாட்டுத் தெய்வங்கள். அப்பெயர்களைக் கேட்ட மாத்திரத்தே, இவர்கள் எங்கிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் என்பது மலையாள வாசகனுக்குத் தெரிந்துவிடும். தமிழில் வாசிக்கும் நமக்கு அவை சாதாரணப் பெயர்களாகி, அந்த அந்நியத்தன்மை மறைந்துவிடுகிறது. இது மொழிபெயர்ப்பாளரின் குறையன்று. தமிழுக்கு வந்ததனால் நேர்ந்த இழப்பு. மலையாளிகளின் நகரத்து மலத்தைத் தமிழர் சுமந்தனர் என்ற உண்மையைத் தமிழ் வாசகன் நின்று நிதானித்தே உணரவேண்டியிருக்கிறது.

வெனிசுடன் ஆலப்புழையை ஒப்பிட விரும்புவோருக்கு நான் ஓர் ஒப்பீட்டைச் சொல்கிறேன். வெனிசில் வீடுகளின் கழிவு, தளத்தின் கீழுள்ள பழைய வடிகால்கள் வழியே கால்வாயில் விழும். நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் கடல்நீர் அதனை அள்ளிச் செல்லும். அங்கே நூற்றாண்டுக் கணக்காகக் கடல் செய்த வேலையை இங்கே சுடலைமுத்து செய்தான். அவன் ஒரு நாள் வராவிட்டால் கிழக்கின் வெனிஸ் நாறிப்போகும். நகரத்தின் அழகு அவனைச் சார்ந்து நின்றது என்பதையும், அந்நகரம் அவனைப் பார்க்க மறுத்தது என்பதையும் தகழி ஒருசேரக் காட்டுகிறார்.

காட்டும் முறையிலேதான் இந்நாவலின் வலிமை உளது. தகழி சுடலைமுத்துவை இரக்கத்துக்குரிய நல்லவனாகத் தீட்டவில்லை. தன் மகனை மனிதனாக்க வேண்டும் என்ற ஆசையே அவனைத் தன் கூட்டத்தாரிடமிருந்து பிரிக்கிறது. அவர்கள் சங்கம் அமைக்க முயல்கையில் மேலிடத்தோடு சேர்ந்து அதனைக் குலைக்கத் துணைபோகிறான். வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தை நகரசபைத் தலைவனை நம்பி ஒப்படைத்து ஏமாறுகிறான். தந்தைப் பாசம் என்று நாம் போற்றும் உணர்ச்சி, தனித்துத் தப்பும் வழியாக மாறும்போது துரோகமாக முடிவதை இவ்வளவு நெருக்கமாகச் சொன்ன தமிழ் நாவல் ஒன்றை என்னாற் சுட்ட முடியவில்லை. துரோகஞ் செய்யும் அக்கணத்திலும் நாம் அவனை வெறுக்க முடிவதில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு மயானக் காவல்காரனாகும்போது, ஒரு படி உயர்ந்துவிட்டதாக அவன் கொள்ளும் நிறைவு, எந்தப் பிரசங்கத்தையும் விடக் கொடுமையானது.

குறை இல்லாமலில்லை. வாந்திபேதி பெற்றோரைக் கொண்டுபோக, மோகனன் தோட்டியாகிப் போராட்டத்தின் முன்னணிக்கு வரும் இறுதிப் பகுதியில் ஆசிரியரின் விருப்பம் பாத்திரத்தை முந்திக்கொள்கிறது. தந்தையின் மனத்துள் ஒவ்வொரு படியாக இறங்கிச் சென்ற தகழி, மகனின் மனமாற்றத்தைச் சில பக்கங்களில் முடித்துவிடுகிறார். இழிவை விரிவாக வருணிப்பதனால் மட்டும் ஒரு படைப்பு யதார்த்தவாதம் ஆகிவிடாது, அது இயற்பண்புவாதத்தோடு நின்றுவிடும் என்று நம் விமர்சகர்கள் வாதித்ததுண்டு. அவ்வாதம் சரியே. ஆனால் இறுதியில் ஓர் ஊர்வலத்தை வைத்தால் யதார்த்தவாதம் ஆகிவிடும் என்று நம்பிய பின்வந்தோர் பலர், தகழியின் பலத்தை விட்டு அவரது அவசரத்தையே பின்பற்றினர் என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். சுடலைமுத்துவின் தோல்வியே அந்தச் சங்கத்தின் தேவையை வாசகனுக்கு உணர்த்திவிடுகிறது. அதன் பின்னர் மோகனன் நிதானமாக வந்திருக்கலாம்.

2013இல் இந்தியாவில், கையால் மலம் அள்ளுவதற்கு ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்து ஒரு சட்டம் வந்தது. சாக்கடைக் குழிகளில் இறங்கி மூச்சடைத்து மாண்டோரைப் பற்றிய செய்திகள் அதன் பின்னரும் வந்தன. நம் நாட்டிலும் நகர்களின் வாளிக் கக்கூசுகளைச் சுமக்கவென்று தமிழகத்திலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். வாளிகள் போய்விட்டன. அவர்களின் வழிவந்தோர் யாழ்ப்பாணத்தில் நகரசுத்தித் தொழிலாளராக இன்றும் வாழ்கின்றனர். யாழ்ப்பாணத்தின் பார்க்கவேண்டிய இடங்களைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் என் மாணவர் நல்லூரையும் கோட்டையையும் பொது நூலகத்தையும் கீரிமலையையும் எழுதுகின்றனர். அவர்களுக்கு அப்படி எழுதக் கற்பித்தவன் நான்தான்.

நாவலில், தோட்டி தன் பிள்ளைக்கு மோகனன் என்று பெயரிட்டது ஊருக்கு நகைப்பாகிறது. இப்பகுதியை இம்முறை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்தேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் கற்பித்த ஒரு பாடசாலையில், ஆறாம் வகுப்பு இடாப்பை வாசித்த ஆசிரியர் ஒருவர், நகரசுத்தித் தொழிலாளி ஒருவரின் மகனுடைய பெயருக்கு வந்ததும் சற்று நிறுத்தி, “பேர் மட்டும் பெரிய பேர்தான்” என்றார். வகுப்புச் சிரித்தது. அடுத்த பாடத்துக்காக நான் வாசலில் காத்து நின்றேன். ஒன்றுஞ் சொல்லவில்லை. பையன் எழுந்து வரவைச் சொல்லிவிட்டு அமர்ந்தான். அவர் அடுத்த பெயரை வாசித்தார்.