ஒட்டகம் வந்த கதை

அமெரிக்காவின் மேற்கு எல்லைப்புறம் என்றால் நமக்கு ஞாபகம் வருவது சினிமாதான். குதிரை, துப்பாக்கி, சாராயக் கடை வாசலில் ஒரு சண்டை. அந்தச் சீமையில் ஒரு காலத்தில் சர்க்கார் ஒட்டகங்கள் சுமை இழுத்தன என்று சொன்னால், கதை விடுகிறான் என்றுதான் வாசகர்கள் நினைப்பார்கள்.

நடந்தது வாஸ்தவம். 1855-ல் அமெரிக்கக் காங்கிரஸ் இதற்கென்று 30,000 டாலர் ஒதுக்கிற்று. ஜெபர்ஸன் டேவிஸ் அப்போது யுத்த மந்திரி. 1856-ல் 34 ஒட்டகங்கள் கப்பலில் டெக்ஸாஸ் கரைக்கு வந்து இறங்கின. மறு வருஷம் இன்னும் 41. எட்வர்ட் பீல் என்பவர் அவற்றில் சிலவற்றை ஓட்டிக்கொண்டு கொலராடோ நதி வரை பாதை அளந்துவிட்டு, அவற்றை வாயாரப் புகழ்ந்தார். கோவேறு கழுதைக்காரர்களுக்கு மட்டும் அவற்றின் நாற்றமும் பிடிக்கவில்லை, சுபாவமும் பிடிக்கவில்லை. 1861-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. டேவிஸே எதிர்த்தரப்புக்குத் தலைவரானார். அதற்குப் பிறகு ஒட்டகத்தை யார் கவனிப்பது? ஏலத்தில் போனவை போக, சில பாலைவனத்தில் திரிந்தன.

இந்த விஷயத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சிரிப்புக்காகவே எழுதுகிறார்கள். 1976-ல் வந்த 'ஹாம்ப்ஸ்' என்ற சினிமாவும் கோமாளிக் கூத்துதான். ஒட்டகங்களை எண்ணுகிறார்கள், டாலரை எண்ணுகிறார்கள். கூட வந்த மனிதர்களைப்பற்றி இரண்டு வரி. அவர்களில் ஒருவர் ஹாஜி அலி. அமெரிக்க நாக்கில் புகுந்து அது 'ஹை ஜாலி' ஆகிவிட்டது! 1880-ல் பிலிப் டெட்ரோ என்ற பெயரில் அந்நாட்டுப் பிரஜையானார்; 1902-ல் அரிஸோனாவில் இறந்தார். 1935-ல் அவர் சமாதிமேல் சிறு பிரமிடு ஒன்று எழுப்பினார்கள். அதன் உச்சியிலும் ஒட்டகம்தான் நிற்கிறது.

டேயா ஓப்ரெட் எழுதிய 'இன்லாண்ட்' (2019) நாவல் எனக்குப் பிடித்ததற்கு இதுவே காரணம். ஆசிரியை பெல்கிரேடில் பிறந்து, சிறு வயதிலேயே ஊரை விட்டுக் கிளம்பி, தேசம் தேசமாக இருந்து அமெரிக்கா சேர்ந்தவர். ஒட்டகக்காரர்களை அவர் வேடிக்கை பார்க்கவில்லை. லூரி என்ற கொலைக் குற்றவாளி அவர்களோடு ஒளிந்து திரிகிறான். அவன் பெயரும் அங்கே வந்து உருமாறியதுதான். பர்க் என்ற தன் ஒட்டகத்திடமே கதை முழுவதையும் சொல்கிறான். அந்தப் பேச்சில் இருக்கும் வாஞ்சையை நான் சமீபத்தில் வேறெந்த நாவலிலும் காணவில்லை.

முதுகில் பிணத்தைக் கட்டிக்கொண்டு அரிஸோனாவில் ஒரு சிவப்பு ஒட்டகம் அலைந்தது என்று 1880-களிலிருந்து ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. சொல்கிறவர்கள் எல்லோரும் ஒட்டகத்தை யார் கண்டார், யார் சுட்டார் என்றுதான் விசாரிக்கிறார்கள். செத்தவன் யார் என்று கேட்டவர் ஓப்ரெட். மேலே சொன்னால் முடிவு தெரிந்துவிடும்.

நாவலின் மற்றப் பாதி, 1893-ல் வறட்சியில் தண்ணீருக்குப் போன புருஷனை எதிர்பார்த்திருக்கும் நோராவின் ஒரே நாள். தாகத்தை நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அவளும் இறந்த குழந்தையோடு பேசுகிறாள். இரண்டு பக்கமும் ஆவிகள் வேண்டுமா? அவள் பகுதி வரும்போதெல்லாம், ஒட்டகம் எப்போது வரும் என்று நான் பக்கங்களைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.