கால் சொன்னபடி கேட்கும் பெடல்

சேலத்தின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியைத் தாண்டித் தெற்கே நாமக்கல் பக்கம் போனால், லாரிதான் ஊரின் பிழைப்பு. பாடி கட்டும் பட்டறைகளும் டேங்கர் லாரிகளும் நிறைந்த அந்தச் சீமையில் நான் மிகவும் மதிப்பது ஒரு சின்ன வேலையை: இறுகிப்போன ஆக்சிலேட்டர் பெடலைச் சரிசெய்வது.

பழைய லாரியில் பெடலுக்கும் டீசல் பம்புக்கும் இடையே கம்பியோ கேபிளோதான் தொடர்பு. அது இறுகினால் ஓட்டுநரின் கணுக்கால் இரவு முழுக்க வலிக்கும். அதைவிட ஆபத்து, மிதித்த பெடல் திரும்பாமல் நின்றுவிடுவது.

நல்ல மெக்கானிக் எடுத்தவுடன் எண்ணெய் ஊற்றமாட்டார். என்ஜினை நிறுத்தி, பம்பு முனையில் இணைப்பைக் கழற்றுவார். பெடலைத் தனியாக மிதித்துப் பார்ப்பார். பம்பின் லிவரைத் தனியாகக் கையால் அசைப்பார். எது இறுகுகிறதோ அங்கேதான் நோய். இரண்டும் லேசாக இருந்தால் நடுவிலுள்ள கேபிளைச் சோதிப்பார்.

பெடலின் அச்சுப் பின்னில் மண்ணும் பழைய கிரீஸும் கட்டியிருந்தால், கழற்றி டீசலில் கழுவிப் புது கிரீஸ் வைப்பார். கேபிளின் உள்கம்பி இழை பிரிந்து உறைக்குள் உரசினால் எண்ணெய் மருந்தல்ல, மாற்றித்தான் ஆகவேண்டும். மிதிக்க லேசாகட்டும் என்று ரிட்டர்ன் ஸ்பிரிங்கைக் கழற்ற மட்டும் சம்மதிக்கமாட்டார். காலை எடுத்ததும் வேகத்தைக் குறைப்பது அதுதான். முழுக்க மிதித்தால் லிவர் கடைசிவரை போகிறதா, விட்டதும் பழைய இடத்துக்கு வருகிறதா என்று பார்த்த பிறகே சாவியைக் கொடுப்பார்.

புது லாரிகளில் பெடலின் அசைவைச் சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. ஆனாலும் பழுதை ஒவ்வொரு பாகமாகப் பிரித்துத் தேடும் அந்த ஒழுங்கு பழசாகாது. ஓட்டுநரின் உயிரையும் சாலையில் வருவோரின் உயிரையும் காக்கும் கைவேலை இது.