பென்சில் பேட்டரியில் 7,000 வோல்ட்

பன்றியின் கண் மின்னாது. தென்காசிப் பக்கம் ராயகிரியிலும் சிவகிரியிலும் மலையை ஒட்டிய தோட்டங்களில் ராக்காவல் இருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. மூன்று கட்டை டார்ச்சை வரப்போரமாக அடித்தால், மிளாவின் இரண்டு கண்ணும் பளிச்சென்று எரியும். நரி, மரநாய், காட்டுப்பூனை எல்லாமே கண்ணால் தங்களைக் காட்டிக்கொடுக்கும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்புகிற பளபளப்பான படலம் ஒன்று அவற்றுக்கு உண்டு. பன்றிக்கு அது கிடையாது; நமக்கும் கிடையாது. அதனால் கிழங்கைத் தோண்டிக்கொண்டிருக்கும் கூட்டம் டார்ச் வெளிச்சத்திலும் ஈரமண்ணோடு மண்ணாகத்தான் தெரியும். உறுமலையும் முறியும் கரும்பின் சத்தத்தையும் வைத்துத் திசை பிடிக்க வேண்டும். இருட்டில் பார்க்கும் கருவி ஒன்றைச் சொந்தமாகக் கட்டிக்கொள்ள இந்தப் பக்கத்து ஆள் ஒருவருக்கு ஆசை வந்தால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

வெளிநாடுகள் பலவற்றில் இப்படிக் கட்டியதைத் துப்பாக்கியின்மேல் பூட்டி வேட்டைக்குப் போகிறார்கள். இங்கே அதற்கு வழியில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி விஷயத்தில் சற்றே இறங்கி வந்தபோதும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், அதுவும் வனத்துறை மட்டுமே சுடலாம் என்று வரம்பு கட்டியது. மலையடித் தோட்டக்காரருக்குப் பார்ப்பதும் சத்தம் போட்டு விரட்டுவதும்தான் மிச்சம். பார்ப்பதிலேயே போதுமான நுட்பம் இருக்கிறது என்பேன். குறிப்பாக, கருவிக்குள் மின்சாரம் போகிற வழி. அதில் மனம் லயித்தவன் நான்.

உயர்ந்த ரகக் கருவியின் உயிர் ஒளிபெருக்கிக் குழாயில் இருக்கிறது. நம் நாட்டில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் குழுமம் புனேயில் இந்தக் குழாய்களையும், மசூலிப்பட்டினத்தில் முழுக் கருவிகளையும் செய்கிறது. குழாய் பார்க்கும் பரப்பு வழக்கமாக 18 மில்லிமீட்டர்தான். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. நட்சத்திர வெளிச்சத்தில் வந்து விழும் ஒளித்துகள் முன்முகப்பில் ஓர் எலெக்ட்ரானைத் தட்டி விடுகிறது. எதிரே ஒரு கண்ணாடித் தகடு நிற்கிறது. கனம் அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அதற்குள் பத்து லட்சக்கணக்கில் துளைகள், ஒவ்வொன்றின் விட்டமும் 10 மைக்ரானோ அதற்கும் குறைவோ. அந்தத் துளைகளை நேராகப் போடவில்லை, சில டிகிரி சாய்த்துப் போட்டிருக்கிறார்கள். முதன்முதலில் இந்தச் சாய்வைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். துளை நேராக இருந்தால் எலெக்ட்ரான் சுவரைத் தொடாமலே மறுபக்கம் போய்விடும், காரியம் கெட்டுவிடும். சாய்ந்திருப்பதால் சுவரில் மோதியே ஆக வேண்டும். மோதிய இடத்தில் இரண்டோ மூன்றோ புதிதாகக் கிளம்பும், அவையும் போய் மோதும். உள்ளே ஒன்றாகப் போனது வெளியே ஆயிரக்கணக்கில் வந்து பாஸ்பர் திரையில் விழும். திரை பச்சையாக ஒளிரும். அந்தப் பச்சையின் அலைநீளம் 545 நானோமீட்டரை ஒட்டியது. மனிதக் கண் பகலில் மிக நன்றாக உணர்வது 555. எவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்!

இத்தனைக்கும் வேண்டிய மின்சாரத்தைப் பாருங்கள். முகப்புக்கும் தகட்டுக்கும் இடையே சில நூறு வோல்ட். தகட்டின் இரண்டு முகங்களுக்கும் இடையே 1,000 வோல்ட் அளவில். தகட்டிலிருந்து திரைக்கு 5,000, 6,000. கூட்டினால் 7,000-ஐ ஒட்டி வந்துவிடும். போடுவதோ சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி. அந்த ஒற்றை பேட்டரியே பல இரவுகளுக்குத் தாங்குகிறது.

பேட்டரியின் நேர்மின்சாரத்தை ஒரு சிறு சுற்று நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி அலைமின்சாரமாக்குகிறது. விரல்நுனி அளவு டிரான்ஸ்பார்மர் அதை முதலில் ஏற்றிவிடுகிறது. பிறகு டயோடும் கெபாசிட்டரும் மாறி மாறி அடுக்கிய வரிசை படிக்குப் படி உயர்த்துகிறது. 1932-இல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் காக்கிராப்டும் வால்டனும் லித்தியம் அணுக்கருவைப் பிளந்தது இதே அமைப்பில் லட்சக்கணக்கான வோல்ட்டை எழுப்பித்தான். 1951-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுக்கு ஓர் அறை நிறையத் தேவைப்பட்டது, இங்கே குழாயைச் சுற்றி ஒரு வளையமாகப் பிசினுக்குள் அடங்கிவிடுகிறது. அந்தப் பிசினையும் லேசாக எண்ண வேண்டாம். ஈரக்காற்றில் உயர்ந்த வோல்ட் மேற்பரப்பு வழியாகவே கசிந்துவிடும். தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கிற ஆடி மாதத்தில் திறந்த சுற்று ஒன்று எத்தனை நாள் தாங்கும்? பழைய முதல் தலைமுறைக் குழாய்களில் இன்னொரு அழகு உண்டு. சுவிட்சை அணைத்த பிறகும் திரை சிறிது நேரம் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். கெபாசிட்டரில் தேங்கிய மின்னூட்டம் தீர அவ்வளவு நேரம் ஆகிறது, ஏனென்றால் செலவு அவ்வளவு குறைவு.

செலவு குறைவு என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. சீசன் இல்லாத மாதத்தில் குற்றாலம் பேரருவியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பாறையின் உயரம் அதேதான், விழுவது நூல் கனத்துத் தண்ணீர். குழாய்க்குள் 7,000 வோல்ட் உயரம், அதில் இறங்கும் மின்னோட்டம் நானோஆம்பியர் கணக்கில். பன்றிக்கு என்று தோட்டத்தைச் சுற்றிக் கம்பி கட்டி, வீட்டு லைனிலிருந்து திருட்டுத்தனமாக இழுத்து விடுகிறார்களே, அதன் உயரம் வெறும் 230 வோல்ட். ஆனால் பின்னால் இருப்பது வற்றாத ஓட்டம். யானை விழுகிறது, தண்ணீர் பாய்ச்சப் போன ஆளும் விழுகிறார். இந்தச் செய்தி வராத வருடம் இல்லை என்பது மனதை அறுக்கிறது. முறையான சூரிய மின்வேலியில் பல ஆயிரம் வோல்ட் பாய்கிறது. நொடிக்கு ஒருமுறை கண்ணிமைக்கும் நேரத் துடிப்பாக மட்டும் பாய்வதால் சுண்டி விரட்டும், கொல்லாது. வோல்ட்டை மட்டும் கேட்டுப் பயப்படுவதும் பயப்படாமல் இருப்பதும் இரண்டுமே ஆபத்து.

இந்தக் குறைந்த செலவை மிக அழகாகப் பயன்படுத்தியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். வெரோனாவில் இருந்த ஜம்போனி என்ற பாதிரியார் 1812-இல் காகித வட்டுகளின் ஒரு பக்கம் உலோகத் தாளும் மறுபக்கம் மாங்கனீசு டைஆக்சைடும் பூசி, ஆயிரக்கணக்கில் அடுக்கி ஓர் உலர் மின்கலம் செய்தார். வட்டுக்கு ஒரு வோல்ட்டுக்கும் குறைவுதான். அடுக்கினால் ஆயிரக்கணக்கில் ஏறும், ஓட்டம் மட்டும் ஏறாது. ஆக்ஸ்போர்டில் 1840-இலிருந்து ஒரு சிறு மணி இப்படிப்பட்ட உலர் கலங்களின் வலுவில் இன்றும் அடித்துக்கொண்டிருக்கிறது. வேறு எதற்கும் உதவாது என்று தோன்றிய அந்தக் கலத்தைப் பிரிட்டிஷ்காரர்கள் இரண்டாம் உலகப்போரின் அகச்சிவப்புக் கருவிகளுக்குள் வைத்தார்கள். டிரான்ஸ்பார்மர் வேண்டாம், வெட்டுச் சுற்றும் வேண்டாம். குழாய் கேட்டது உயரம் மட்டும். கலத்திடம் இருந்ததும் அது மட்டும். இதைவிடப் பொருத்தமான சேர்க்கை மின்பொறியியலில் எனக்குத் தெரிந்து இல்லை.

அதே போரில் ஜெர்மானியர் ‘வாம்பயர்’ என்ற கருவியைத் துப்பாக்கியில் பூட்டினார்கள். வீரன் முதுகில் 13.5 கிலோ பேட்டரி. அத்தனையும் அகச்சிவப்பு விளக்குக்கு. பார்க்கும் குழாய்க்கு வேறொரு சிறு பேட்டரி, நச்சுவாயு முகமூடி வைக்கும் டப்பாவுக்குள் அடங்குமளவு. பார்ப்பது இலேசு, வெளிச்சம் கொடுப்பதுதான் பாரம்.

வீட்டில் கட்டும் கருவியிலும் இதே கணக்கு திரும்ப வருகிறது. ஒளிபெருக்கிக் குழாய் எல்லார் கைக்கும் எட்டாது. சிசிடிவி கேமராவும் சிறு திரையும் எட்டும். சிலிக்கான் உணரி நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைப் பார்க்கும். டிவி ரிமோட்டின் முனையை போன் கேமராவில் பார்த்தால் ஊதாப் பொட்டாகத் தெரிவது இதனால்தான். கேமரா கேட்பது 12 வோல்ட். பழைய லேப்டாப் பேட்டரிக்குள் கிடைக்கும் 18650 செல் ஒன்று 3.7 வோல்ட், மூன்றைத் தொடராக இணைத்தால் 11.1. முழுக்க ஏறியபோது 12.6, தீர்ந்துபோகும்போது 9. கேமரா நடுவிலேயே மயங்கிவிடாமல் இருக்க, இறங்கிக்கொண்டே போகும் வோல்ட்டை ஒரே மட்டத்தில் நிறுத்தும் சிறு பலகை ஒன்று வேண்டும். நல்ல கை இருப்பவர் விளக்குக்குத் தனி செல், கேமராவுக்குத் தனி செல் என்று பிரித்துவிடுவார். விளக்கைப் போடும் நொடியில் வோல்ட் சரிந்து திரை சிமிட்டுவது அத்தோடு நின்றுவிடும்.

எந்த அகச்சிவப்பு என்பதில்தான் கடைசி நயம். 850 நானோமீட்டர் விளக்கை நேரே பார்த்தால் மங்கலான செம்பொட்டு தெரியும். 940-இல் அதுவும் தெரியாது. ஆனால் 940-க்கு உணரி மந்தம். அதே தூரத்தைக் காட்ட விளக்கு கூடுதலாகக் குடிக்கும், இன்னும் ஒரு செல் சுமக்க வேண்டும். ராயகிரித் தோட்டத்துக்கு என்னைக் கேட்டால் 850 போதும். பன்றியின் கண் சிவப்புக்கு அவ்வளவு கூர்மையானதல்ல, அதன் பலம் மூக்கில் இருக்கிறது. இரவில் மலைச்சரிவின் குளிர்ந்த காற்று கிழக்கே வயலை நோக்கி இறங்கும். காவல்காரர் தோட்டத்தின் கீழ்க்கோடியில் உட்கார்ந்தால் அவர் வாடை மேலே போகாது. மிச்சமாகும் மில்லிஆம்பியரை விடியும்வரை விளக்குக்கே கொடுக்கலாம்.