செத்தவர்களுக்குப் பாத்தியதை இல்லையாம்

பேய்ப்படம் பார்க்கிறவனை ரசனை கெட்டவன் என்று ஒதுக்கும் வழக்கம் நம் இலக்கியத் தோழர்களிடம் உண்டு. பொம்மைப்படம் என்றால் இன்னும் இளக்காரம், அது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம். டிம் பர்ட்டனும் மைக் ஜான்சனும் 2005-ல் எடுத்த 'கார்ப்ஸ் பிரைட்' படத்தில் பேயும் உண்டு, பொம்மையும் உண்டு. கடம்பூரில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் காட்டினேன். ஒருத்தர்கூடப் பயப்படவில்லை. ஏன் பயப்படவில்லை என்று யோசித்ததில் எழுதுவது இது.

கதை இதுதான். மீன் வியாபாரத்தில் காசு சேர்த்த வீட்டுப் பையன் விக்டர். கஜானா காலியாகிப் போன பிரபு குடும்பத்துப் பெண் விக்டோரியா. இவர்களுக்குப் பணம், அவர்களுக்குப் பட்டம், பேரம் படிகிறது. திருமண உறுதிமொழி வாயில் வராமல் திணறும் விக்டர், காட்டில் தனியாகச் சொல்லிப் பழகுகிறான். குச்சி என்று நினைத்து அவன் மோதிரம் மாட்டுவது ஒரு பிணத்தின் விரலில். கொலையுண்டு மண்ணில் கிடந்த எமிலி, கல்யாணக் கோலத்தோடு எழுந்து வருகிறாள். வீட்டார் மறுத்ததால் காதலனை நம்பி நகையோடு ஓடிவந்தவள். நகைக்காக அவனே கொன்று போட்டான்.

படத்தில் உயிரோடிருப்பவர்களின் ஊர் சாம்பல் நிறம். செத்தவர்களின் ஊரில்தான் வண்ணமும் ஆட்டமும் பாட்டும். சாவு வீட்டில் பறையடித்து ஆடிய தெருவில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே பியானோ, கீழே ஜாஸ். கீழே பாடும் எலும்புக்கூட்டின் பெயர் 'போன்ஜாங்கிள்ஸ்'. 'போஜாங்கிள்ஸ்' என்று பேர் வாங்கிய கறுப்பின நடனக் கலைஞர் பில் ராபின்சனை நினைக்காமல் அந்தப் பெயரைக் கேட்க முடியாது. செத்தவர்களுக்குச் சந்தோஷம் வேண்டுமென்றால் கறுப்பர்களிடம்தான் இசை வாங்க வேண்டியிருக்கிறது. குரல் கொடுத்தவர் வெள்ளையரான டேனி எல்ஃப்மன்.

இந்தப் படத்தின் கவர்ச்சியில் பாதி கைவேலை. எஃகு எலும்பின் மேல் சிலிகான் தோல் போர்த்திய பொம்மைகள். முகத்துக்குள் பல்சக்கரங்கள், காதுத் துளை வழியாகச் சிறு சாவி விட்டுத் திருகினால் உதடு ஓரம் இம்மி அசையும். அசைத்து ஒரு படம், மறுபடி அசைத்து ஒரு படம். நொடிக்கு 24 சட்டகம். 77 நிமிஷப் படத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். கட்டை அடுக்கியே விரல் தேய்ந்த எங்கள் தீப்பெட்டியாபீஸ் பொம்பளைகளிடம் இந்தக் கணக்கைச் சொன்னால், கூலி என்னவென்றுதான் முதலில் கேட்பார்கள். (1910-களில் தாதாசாகேப் பால்கே தீக்குச்சிகளை இப்படி நகர்த்தி நகர்த்தி ஒரு படம் எடுத்தார். கோவில்பட்டி வட்டாரத்தில் எத்தனை பேருக்கு அது தெரியும்?)

ஆனால் படத்தின் அரசியல் கதையின் வேரில் இருக்கிறது. இது யூதர்களின் நாட்டார் கதை. 16-ஆம் நூற்றாண்டில் சபேத் நகரில் வாழ்ந்த ஞானி ஐசக் லூரியாவோடு சேர்த்துச் சொல்லப்படுவது. பிணப்பெண் நியாயம் கேட்டு வழக்கு வைக்கிறாள். உயிரோடிருப்பவர்கள் மீது செத்தவர்களுக்குப் பாத்தியதை கிடையாது என்று தீர்ப்பாகிறது. திரைக்கு வந்தபோது யூத அடையாளம் முழுக்கக் கழன்றுவிட்டது. பாதிரியாரும் மாதா கோயிலுமாக எல்லாம் கிறிஸ்தவ இங்கிலாந்து.

நம்மிடமும் நடந்ததுதான். முத்துப்பட்டன் கதையில் பிராமணன் பட்டன், செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டுகிறான். அதற்காகச் செருப்புத் தைக்கவும் சம்மதிக்கிறான். கதையின் இன்னொரு வடிவத்தில் அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர் மட்டுமே என்று ஆகிவிடுகிறது. கதையைத் திருடுவதற்கு முன்னால் அதன் சாதியைக் கழுவிவிடுகிறார்கள். பாபநாசம் மலைமேல் சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. அதை மட்டும் கழுவ முடியவில்லை.

கடைசிக் காட்சிக்கு வருவோம். செத்தவர்கள் கூட்டமாக மேலே வந்து கோயிலுக்குள் நுழைகிறார்கள். விக்டர் நஞ்சு குடித்தால்தான் கல்யாணம் செல்லும். எமிலி தடுத்துவிடுகிறாள். கொலைகாரன் பார்க்கிஸ் எதிரில் நிற்கிறான். செத்தவர்கள் பாய்கிறார்கள், அவர்களுடைய பெரியவர் மறிக்கிறார், மேலே வந்தால் மேலே உள்ளவர்களின் விதிக்குக் கட்டுப்பட வேண்டுமாம். அவனே ஏளனமாய் நஞ்சை எடுத்துக் குடித்துச் செத்தபிறகுதான் அவன்மேல் கை வைக்க முடிகிறது. எமிலி பட்டாம்பூச்சிகளாய்ப் பறந்து போகிறாள். எல்லோரும் கண் கலங்கும் இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. 2003-ல் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகி வாயிலும் முருகேசன் வாயிலும் நஞ்சை ஊற்றினார்கள். ஊற்றியவர்கள் பெண்ணின் சொந்தக்காரர்கள். 13 பேருக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்தது 2021-ல். 18 வருஷம். அவர்களை நான் எந்தப் பட்டாம்பூச்சியில் போய்ப் பார்ப்பது?

படம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி கேட்டது வேறு. "கொன்னு போட்ட புள்ள இல்லையா? அதுக்குக் கொட குடுக்காம அனுப்பிட்டானுகளே!" நம் பக்கத்தில் கொலையுண்டவர்கள் சாமியாகி வந்து கேட்டு வாங்குவார்கள். கொன்றவன் வீட்டாரும் வந்து கும்பிட்டுப் படையல் போடுவார்கள். செத்தவர்களுக்குப் பாத்தியதை உண்டு என்பதுதான் கொடை. பாட்டி பக்கம்தான் நானும். ஆனாலும் ஒரு கிடாயை வெட்டிப் பொங்கல் வைத்து, கோர்ட்டுப் படி ஏறாமலே எத்தனை கொலைகளை முடித்துவிட்டார்கள் என்று எண்ணும்போது, வில்லுப்பாட்டுக் கேட்கிற காது கொஞ்சம் கூசத்தான் செய்கிறது.

இன்னொன்று. செத்தவர்கள் ஊருக்குள் வரும்போது ஜனம் அலறுகிறது. ஒரு சின்னப் பையன் ஒரு எலும்புக்கூட்டைப் பார்த்துத் தாத்தா என்று அடையாளம் கண்டுகொள்கிறான். உடனே ஆளாளுக்குத் தங்கள் ஆட்களைக் கட்டிப்பிடிக்கிறார்கள். படத்திலேயே நல்ல இடம் இதுதான். அந்தக் கூட்டத்தில் எமிலியைத் தேடி யாரும் வரவில்லை. மறுத்த அப்பன் என்ன ஆனான், ஆத்தா இருந்தாளா, படம் கடைசிவரை சொல்லவேயில்லை.