ஒரு மூலை சிவந்தால் போதும்

அமெரிக்காவில் மேய்ச்சல் மாடு வளர்ப்பவர்களுக்கு வறட்சி நிவாரணம் கிடைப்பதும் கிடைக்காததும் ஒரு வரைபடத்தைப் பொறுத்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் வறட்சி மையமும் கூட்டாட்சித் துறைகளும் 1999 முதல் வாரந்தோறும் வெளியிடும் வரைபடம் அது. மேய்ச்சல் பருவத்தில் ஒரு கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவின்) ஏதாவதொரு பகுதி தொடர்ந்து 8 வாரம் 'கடும் வறட்சி' நிறத்தில் இருந்தால், அந்தக் கவுண்டி முழுவதற்கும் ஒரு மாதத் தீவனச் செலவில் 60 விழுக்காடு என்பது 2025 வரை இருந்த விதி. வறட்சி முற்றினால் அந்த உதவி மூன்று முதல் ஐந்து மாதம் வரை நீளும். பண்ணையாளர் எழுதிக் கொடுத்தால் போதும், கருகிய புல்லை யாரும் வந்து அளப்பதில்லை. 2025ஆம் ஆண்டுச் சட்டம் அந்த 8 வாரத்தையும் 4 ஆக்கிவிட்டது.

இதை வெறும் தாராளம் என்று ஒதுக்குவதற்கு முன், இதற்கு முந்தைய நிலையை நினைக்க வேண்டும். 2008 வரை ஒவ்வொரு பேரிடருக்கும் நாடாளுமன்றம் தனித்தனியாகப் பணம் ஒதுக்கியது. 2003இல் கொலம்பியா விண்கலம் கிழக்கு டெக்சஸில் சிதறி விழுந்ததற்காகப் பேரிடர் அறிவிக்கப்பட்ட கவுண்டிகளின் மாட்டுக்காரர்களுக்கும் வறட்சிப் பணம் போனது. வறட்சி உண்டா என்று சட்டம் கேட்கவேயில்லை. நிரந்தர விதி இல்லாதபோது நேர்ந்த மறுபக்கமும் உண்டு. 2008இல் வந்த இந்த வரைபடத் திட்டம் 2011 செப்டம்பரோடு காலாவதியானது. மறு ஆண்டே பெரும் வறட்சி. 2014இல் முன்தேதியிட்டுச் சட்டம் வந்தபோது நாட்டின் மாட்டுத்தொகை 1951க்குப் பிந்திய மிகக் குறைந்த அளவுக்கு, ஏறத்தாழ 8.8 கோடிக்கு, இறங்கியிருந்தது. ஆகவே வரைபடத்தைப் பார்த்து விரைந்து கொடுப்பது சரியான வழிதான்.

கோளாறு 'ஏதாவதொரு பகுதி' என்னும் சொற்களில் இருக்கிறது. நெவாடாவின் எல்கோ கவுண்டி சுவிட்சர்லாந்தைவிடப் பெரியது. அதன் ஒரு மூலை காய்ந்தால், மழை பெய்த மறுமூலைக்கும் பணம். இத்தனைக்கும் வறட்சி வரைபடம் கவுண்டி எல்லைகளைப் பின்பற்றி வரையப்படுவதில்லை. அது காட்டும் நுணுக்கத்தைச் சட்டம்தான் அழிக்கிறது. எந்தக் கோடு போட்டாலும் வேலிக்கு அப்பாலுள்ளவர் முறையிடுவார், சிறிய அலகு நிர்வாகத்துக்குக் கட்டாது என்பார்கள். முறையீடு வரும், உண்மை. நிர்வாகத்துக்குக் கட்டாது என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. இந்த நிவாரணத்தை வழங்கும் அதே வேளாண் துறையின் மேய்ச்சல் மழைக் காப்பீடு, கால் பாகைக் கட்டங்களாக நிலத்தைப் பிரித்துப் பல ஆண்டுகளாக இழப்பீடு கணக்கிட்டு வருகிறது. போதாக்குறைக்கு, ஒரே பண்ணையாளர் இரண்டிலும் பணம் பெறலாம்.

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அதை அதிகம் பேர் பேசுவதில்லை. வறட்சியைக் கண்டு மாடுகளை விற்றுவிட்டவருக்கும் நிவாரணம் உண்டு, ஆனால் வைத்திருப்பவர் பெறும் விகிதத்தில் 80 விழுக்காடுதான். விற்றவருக்குத் தீவனச் செலவு இல்லையே என்ற நியாயம் முதற்பார்வைக்குச் சரியாகத்தான் படும். ஆனால் ஊரே விற்கும்போது விலை சரியும். மழை திரும்பியபின் வாங்கப்போனால் ஏறியிருக்கும். 2014இல் மாட்டு விலை வரலாறு காணாத உச்சத்தைத் தொட்டது. ஆக, காய்ந்த நிலத்திலும் மாடுகளை விற்காமல் வைத்திருக்கவே இந்த விதி தூண்டுகிறது. நிலத்தின் தாங்குதிறனுக்கு மேல் பணம் தருவதில்லை என்ற வரம்பு ஓரளவு காக்கிறது; ஆனால் அது சாதாரண ஆண்டின் தாங்குதிறன், வறண்ட ஆண்டினுடையது அல்ல. காய்ந்த நிலத்தில் மந்தையை நிறுத்திவைத்தால் புல்லின் வேரே நலிந்து, அடுத்த ஆண்டு மழை பெய்தாலும் மேய்ச்சல் தேறாது. 8 வாரத்தை 4 ஆக்க முடிந்த சட்டத்துக்கு, விற்றவரின் 80 விழுக்காட்டை 100 ஆக்குவது பெரிய செலவல்ல. கட்டங்களுக்கு மாறினால் மழை பெய்த மூலைகளில் மிஞ்சும் பணத்திலிருந்தே அதற்கு எடுக்கலாம்.